அருள்மலரின் போட்டில் ஒருத்தரும் வேலை செய்யவில்லை

"ஹலோ... ஹலோ... ஓம், கேக்குது, கத்தாதீங்கோ. ஆர் கதைக்கிறது?... ஓம், அருள்மலர்தான். நீங்கள் ஆரெண்டு கேட்டன்... எந்தக் கந்தோர்?... இல்ல மிஸ், எனக்குப் பார்சல் ஒண்டும் வரேல்ல, லொத்தரும் விழேல்ல, பாங்குக் காட்டில இருக்கிற நம்பரும் சொல்ல மாட்டன். வைக்கிறன்."

வைக்கிறேன் என்றாளே தவிர வைக்கவில்லை. அருள்மலருக்குச் சந்தேகம் எவ்வளவோ அதே அளவுக்கு விடுப்பறிகிற ஆசையும் உண்டு. அந்தப் பக்கம் இன்னும் என்னதான் சொல்லப்போகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

நிற்கத்தான் வேண்டும். அந்தப் போனின் பற்றரி செத்துப் பல மாதம். வயரில் கொழுவியிருக்கும் மட்டும்தான் அதற்கு உயிர், கழன்றால் அந்தக் கணமே அணைந்துவிடும். வயரோ முழ நீளம். ஆகவே யார் எடுத்தாலும் குசினி யன்னலடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் கதை. புதுசு வாங்கச் சொல்லிச் சொல்லி கொழும்பிலிருக்கும் மகள் லதுஷாவுக்கு வாய் உளைந்துவிட்டது. புதுப் போன்களில் நாங்கள் கதைப்பதை ஆரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்பது அருள்மலரின் தீர்மானம்.

யன்னலால் பார்த்தால் முற்றம் தெரியும். முற்றத்தில் கதிரையைப் போட்டு, அவளுடைய மனுசன் தூண்டில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பத்து மாதத்துக்கு முன்புவரை அவளுடைய ஆழ்கடல் படகை ஓட்டிய தண்டையல் அவர்தான். ஒரு நாள் நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், அதன்பிறகு கரையோடு சரி. இதயத்துக்குப் போகிற குழாய் மூன்றிலும் அடைப்பு, சத்திரசிகிச்சையை இந்த வருடத்துக்கு அப்பால் தள்ளக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அரசாங்கப் பட்டியலில் அவருடைய முறை வர ஒன்றரை வருடம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் படகை விற்கவேண்டும். விற்க அருள்மலர் தயார். விற்றால் அன்றைக்கே செத்துவிடுவேன் என்று அவர் நிற்கிறார்.

"சரி, ஓர்ஸ் ஹில் காப்புறுதிக் கந்தோர் எண்டு சொல்லுறீங்கள். பேரென்ன?... ஆதிலா... ஊர் கிண்ணியாவோ. ம்... அப்ப ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. உங்கட கந்தோர் வாசல்ல நிக்கிற மரம் என்ன மரம்?... இல்ல மிஸ், பகிடி இல்ல. போன கிழமை எங்கட ஒழுங்கையில ஒரு மனுசிட காச போனாலயே உருவிப்போட்டாங்கள். அதுவும் ஒரு மிஸ்தான் எடுத்தவ, உங்களப் போல நல்ல மரியாதையாத்தான் கதைச்சவ... சொல்லுங்கோ பாப்பம்... பிழை! அங்க வேம்பெல்லோ நிக்குது. நான் கண்ணால கண்டனான்... என்ன, தறிச்சாச்சோ? அவ்வளவு பெரிய வேம்பை? எப்ப?"

முற்றத்தில் இருந்த மனுசன் தூண்டிலை விட்டுத் தலையை நிமிர்த்தி, ஓம், தறித்துத்தான் போட்டார்கள் என்பதுபோல் ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் ஆட்டியது பிழை என்று அவருக்கு உறைத்தது. சட்டென்று குனிந்து, சிக்கில்லாத தூண்டிலில் சிக்குத் தேடினார்.

அருள்மலரின் கண் இரண்டும் சிறுத்தன. பத்து மாதமாகக் கிளினிக்கையும் கோயிலையும் விட்டு வேறெங்கும் போகாத மனுசனுக்கு ஓர்ஸ் ஹில்லில் மரம் தறித்தது எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியை அவள் பத்திரமாக ஒருபக்கம் எடுத்து வைத்தாள். இந்தக் கதை முடியட்டும், பிறகு அவருக்கு இருக்கிறது.

"...ஓம் ஓம், இருக்கிறன் மிஸ். நம்பிறன். கொஞ்சம் நம்பிறன். விசயத்தச் சொல்லுங்கோ... ஓம், போட் என்ர பேரிலதான். எங்கட அப்பா சீதனமாத் தந்தது... இல்ல, அது சின்ன வள்ளம், அத வித்துத்தான் இத வாங்கினது. ஏன் கேக்கிறீங்கள்?... ஓம், கடிதம் வந்தது... ஓம், பாத்தனான்... வடிவாப் பாத்தனான்."

பார்க்கவில்லை. மண்ணிறக் கடித உறை, மூன்று மொழியில் அச்சடித்தது, அரசாங்க முத்திரை. அந்த மாதிரிக் கடிதத்தை உடைத்தால் பதில் போடவேண்டிவரும், உடைக்காவிட்டால் வரவேயில்லை என்று சொல்லலாம் என்பது அவளுடைய கணக்கு. போன கிழமையே அதை வீட்டு முன்சாலைச் சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

"...என்ன? ஆர் வந்தவை?... என்ர போட்டுப் பொடியளோ? உங்கட கந்தோருக்கோ?... கையெழுத்தும் வைச்சவங்களோ!... எல்லாருமோ?... முன்னுக்கு நிண்டு கதைச்சது ஆர், ஜக்சனோ?... எனக்குத் தெரியும்! மிஸ், சத்தியமாச் சொல்லுறன், எனக்கு அப்பவே தெரியும்!"

அந்த வருடம் வந்த புதுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் துறைமுகத்துக் கரை முழுவதையும் குழப்பி விட்டிருந்தது. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் எவரானாலும் அந்த ஆட்களைப் பதிந்து மாதாமாதம் அவர்களுக்காகக் காசு கட்டவேண்டும். முதலாளி இல்லாதவர் தானாகத் தபால் கந்தோரில் கட்டலாம். வித்தியாசம் என்னவென்றால், வேலைத்தலத்தால் பதிந்த ஆளுக்கு மூன்றாம் மாதமே பெரிய சத்திரசிகிச்சைச் செலவையும் காப்புறுதி ஏற்கும். தானாகக் கட்டுகிறவர் பதினெட்டு மாதம் காத்திருக்கவேண்டும். அருள்மலர் மனுசனுக்காகப் போன மாதம்தான் தானாகக் கட்டினாள். பதினெட்டு மாதம் என்று தபால் கந்தோர்க்காரர் சொன்னபோது அவள் பார்த்த பார்வையில், அந்த மனிதர் ஒரே பற்றுச்சீட்டில் இரண்டு தரம் முத்திரை குத்திவிட்டார்.

தன் படகில் போகிறவர்களைப் பதிகிற எண்ணம் அவளுக்கு மருந்துக்கும் இல்லை. இன்னொரு படகுக்காரரான யோகலிங்கம் அவளுடைய காதில் நன்றாக ஓதி வைத்திருந்தார். ஒருதரம் முதலாளி என்று ஒப்புக்கொண்டால் பழைய வருடங்களையும் கிண்டுவார்கள், கடலில் ஒருத்தனுக்கு ஏதும் நடந்தால் படகைப் பிடித்துக் கட்டிவைப்பார்கள் என்றார். அன்றைக்கே அருள்மலர் ஐந்து பேரையும் கூப்பிட்டு, அந்தக் கந்தோர்ப் படி மிதித்தவன் தன் படகில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"...இல்ல, நீங்கள் ஒருக்கா நான் சொல்லுறதக் கேளுங்கோ. பேந்து நீங்கள் கதைக்கலாம். என்ர போட்டில ஒருத்தரும் வேலை செய்யேல்ல... ஓம், வடிவாத்தான் சொல்லுறன், ஒருத்தரும் வேலை செய்யேல்ல. அவங்கள் பங்குக்குப் போறவங்கள். சம்பளமெண்டு நான் ஒரு சதம் ஆருக்கும் குடுத்ததில்ல. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் கழிச்சா மிச்சத்தில பாதி போட்டுக்கு, பாதி அவங்களுக்கு. மீன் பட்டா எல்லாருக்கும் படும், படாட்டி எல்லாரும் வெறுங்கை. அப்ப நான் என்னண்டு முதலாளி? சொல்லுங்கோ பாப்பம்... சட்டத்தில அப்பிடியோ? சட்டம் எழுதினவர் கடலுக்குப் போனவரோ?... இல்ல மிஸ், உங்கள ஏசேல்ல. நீங்கள் சின்னப் பிள்ளை, குரலிலயே தெரியுது. உங்கள இருத்திப்போட்டு மேல இருக்கிற பெரியாக்கள்தான் இந்தச் சுத்துமாத்தெல்லாம் செய்யிறது."

அவளுடைய குரல் ஏற ஏற, முற்றத்தில் மனுசனின் தலை இறங்கிக்கொண்டே போனது. வேலிக்கு வெளியே, ஊருக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று முருங்கைக் கொப்பை எட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மற்ற நாளென்றால் அவர் "சூய்" என்று கலைப்பார். இன்றைக்கு மான் பாட்டுக்குத் தின்றது.

"...ஜக்சனப் பத்தி உங்களுக்குத் தெரியாது மிஸ். எங்கட கோயில் பங்குப் பொடியன்தான். ஞானஸ்நானத்துக்குத் தூக்கினதே நாங்கள். இப்ப தண்டையலா இவன்தான் போறான்... ஓம், நல்ல தொழிலாளிதான், அதில குறை சொல்லேலாது. ஆனா கள்ளன். என்ன செய்யிறான் தெரியுமோ? எங்கட வீட்டுக்காரர் படுத்த நாள் துவங்கி, போட் கரைக்கு வாற ஒவ்வொரு முறையும், இவருக்கெண்டு ஒரு பங்கு கொண்டுவந்து கையில வைக்கிறான். அஞ்சு பேரும் தங்கட பாதியில இருந்து பிரிச்சு எடுத்து வைக்கிறாங்களாம்... ஓம், படுத்த தண்டையலுக்கு அவன் எழும்பி வருமட்டும் பங்கு வைக்கிறது கடல்ல வழமைதான். எனக்கும் தெரியும். ஆனா போட்டுக்காரியின்ர மனுசனுக்கு ஆர் வைப்பான்? பத்து மாசமா விடாம? நீங்களே யோசியுங்கோ... அன்போ! என்ன அன்பு? இவர மெல்லமாக் கரைச்சு, போட்டைக் குத்தகைக்குக் கேக்கத்தான். இவர் ஒரு பேயர், நாலு தரம் 'ஐயா' எண்டாக் கரைஞ்சிடுவார். எனக்கிட்ட அந்தப் பருப்பு வேகாது."

முற்றத்தில் தூண்டில் பெட்டி சரிந்து விழுந்தது. அருள்மலர் போனைக் கையால் பொத்திக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, கை நடுங்குதோ? நெஞ்சுக்க ஏதும் செய்யுதோ?"

அவர் இல்லையென்று கையை ஆட்டினார். அவரைப் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது, வியர்வையும் இல்லை. அவள் திரும்பப் போனைக் காதில் வைத்தாள்.

"...ஓம் மிஸ், சொல்லுங்கோ... ஓம். அப்பிடியே எழுதுங்கோ. 'படகின் சொந்தக்காரியிடம் தொழிலாளிகள் எவரும் இல்லை.' ஓம், சரி, வாசிச்சது சரி... ஓம், நான் முழுச் சம்மதத்தோடதான் சொல்லுறன். ஒருத்தரும் என்ன வெருட்டேல்ல... பதிவாகுதோ? பதியட்டும். நல்லாப் பதியட்டும்... அவங்கள் கடலால வரட்டும். ஜக்சனுக்கு அதோட கடைசி. கரையில இறக்கிவிடுறன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஓர்ஸ் ஹில் கந்தோரையே ஒரு கை பார்த்தாயிற்று. யோகலிங்கம் கேட்டால் வாயடைத்துப் போவார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதை முடிந்ததென்றுதான் நினைத்தாள். அந்தப் பக்கம் முடிக்கவில்லை.

"...ஓம், எல்லாப் பேரையும் வெட்டுங்கோ... ஓமெண்டுறன்... என்ன விண்ணப்பம்?... சத்திரசிகிச்சையோ? ஆருக்கு?... ஜக்சனுக்கு என்ன வருத்தம், அவன் எருமை மாதிரி நிக்கிறான்... அவனில்லையோ? அப்ப குணரத்தினத்துக்கோ? அந்தாளுக்குத்தான் வயசு கூட... அவருமில்லையோ. அப்ப ஆர்?... ஆறாவது ஆளோ? மிஸ், நீங்கள் வேற போட்டின்ர கடதாசியப் பாக்கிறீங்கள். என்ர போட்டில அஞ்சு பேர். ஆறாவது ஆளில்ல... கடிதத்தில இருக்கோ?... ஓம், பாத்தனான் எண்டன்தான். பாத்தனான் எண்டா, வெளியால பாத்தனான். உடைக்கேல்ல... சரி, சரி, அதுக்கு ஏன் சிரிக்கிறீங்கள்? லைனில நில்லுங்கோ. வைக்காதீங்கோ, என்ர போன் ஒருக்கா விட்டா லேசில உயிர் வராது."

அந்தோனியார் இருப்பது முன்சாலையில். வயர் குசினியில். அவள் யன்னலால் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! அந்தோனியாருக்குப் பின்னால ஒரு கடிதம் கிடக்கு, எடுத்துத் தாங்கோ. கெதியா!"

மனுசன் கதிரையை விட்டு எழும்ப எடுத்த நேரத்தைப் பார்த்தால், கடிதம் குடாக்கடலுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இருக்கிறது என்று நினைக்கவேண்டும். செருப்புத் தேடினார். பிறகு செருப்பைக் கழற்றினார். முன்சாலைக்குள் போய் அங்கேயே நின்றார். நெஞ்சு வருத்தக்காரர் மெல்லத்தான் நடப்பார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அது வருத்தக்காரரின் மெதுவில்லை. பள்ளிக்கூடத்தால் மோசமான றிப்போட் கொண்டுவருகிற பிள்ளையின் மெது.

"...வாறார் மிஸ்... என்னவோ தெரியேல்ல, இவர்ட முகமும் சரியில்ல. இந்த வீட்டில எல்லாருமாச் சேந்து எனக்கு என்னவோ செய்யிறீங்கள்... ஆ, கொண்டாங்கோ. கண்ணாடி? கடிதத்தத் தந்தா நான் என்ன மணந்தே பாக்கிறது? கண்ணாடியக் கொண்டாங்கோ!"

கண்ணாடியும் வந்தது. கொடுத்துவிட்டு அவர் குசினியில் நிற்கவில்லை. திரும்பிப் பாராமல் முற்றத்துக்குப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

"...உடைக்கிறன்... இருங்கோ, தோளில போன வைச்சுக்கொண்டு உடைக்கிறன்... ஓம், பட்டியல் கிடக்கு. 'தொழிலாளர்.' தொழிலாளர் எண்டே போட்டிட்டாங்கள் பாருங்கோ. ஒண்டு, ஜக்சன். வரட்டும் அவன். ரெண்டு, வினோதன். மூண்டு, குணரத்தினம். இந்தாளும் போனதோ, வயசுக்கேத்த அறிவில்ல. நாலு, றிப்தி. அஞ்சு, இஹ்ஸான். மூதூர்ப் பொடியன், பசு எண்டு நினைச்சன். ஆறு..."

ஆறாவது பெயரை அவள் வாசிக்கவில்லை.

அது அவளுடைய மனுசனின் பெயர். பெயருக்கு நேரே, 'தண்டையல், சுகவீனம் காரணமாகக் கரையில், ஒரு பங்கு பெறுகிறார்' என்று ரைப் அடித்திருந்தது. அதற்கு நேரே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? கலியாணப் பதிவில் அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் அதுதான். கடைசி எழுத்துக்கு வால் நீட்டுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

மரம் தறித்தது அவருக்கு எப்படித் தெரியும் என்பது இப்போது விளங்கியது. அவர்களோடு அவரும் போயிருக்கிறார். முப்பத்தொரு வருடமாகக் கரையில் எல்லோரும் படகுச் சொந்தக்காரர் என்ற மதிப்பில் சம்மாட்டி, சம்மாட்டி என்று கூப்பிட்ட மனுசன். படகு பெண்சாதியின் பெயரில் இருக்கிறது என்று யாரும் பகிடிக்கும் சொல்ல விடாத மனுசன். அவர் ஓர்ஸ் ஹில் படியேறிப்போய், பெண்சாதியின் படகில் தான் ஒரு தொழிலாளி என்று கையெழுத்து வைத்திருக்கிறார். மற்ற ஐந்து பேரும், அவள் படகால் இறக்கிவிடுவாள் என்று தெரிந்துகொண்டே அவருக்குப் பின்னால் நின்று கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

"...ஹலோ... இருக்கிறன்... இல்ல, ஒண்டுமில்ல. கண்ணாடி புகாராக் கிடக்கு... பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லோணும். இது சரியான வேலையோ? ஏதும் கள்ளமோ? நாளைக்கு வந்து, சீக்காளியத் தொழிலாளி எண்டு பொய் எழுதினதெண்டு இவரப் பிடிச்சு உள்ளுக்குப் போட மாட்டீங்களோ?... பங்கு எடுக்கிறாரெண்டாச் சரியோ?... ஓம், எடுக்கிறார். சொன்னன்தானே, ஒவ்வொரு முறையும் ஜக்சன் கொண்டுவந்து..."

அந்தப் பங்கைத்தான் பத்து மாதமாக அவள் எண்ணிப் பார்க்காமலே அலுமாரிக்குள் எறிந்து பூட்டினாள். கள்ளன் என்றாள். சற்று முன்புதான், கந்தோரில் பதியப் பதியச் சொன்னாள். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. அவளுக்கு எப்போதும் கோபம்தான் முந்தி நிற்கும்.

"...சரி, அப்ப நான் முதல் சொன்னத அழியுங்கோ... ஏன் ஏலாது? நீங்கள்தானே எழுதினனீங்கள், நீங்கள்தானே அழிக்கோணும்!... கொம்பியூட்டரில போட்டா அழியாதோ? அப்ப எதுக்கு அந்தக் கொம்பியூட்டர்?... நான் கத்தேல்ல பிள்ளை. கத்தேல்ல. சொல்லுங்கோ... ஓம்... ஓம்... புதுசாச் சொல்லோணுமோ? நானேயோ?... 'நான்தான் முதலாளி' எண்டு என்ர வாயாலயோ?... இண்டைக்கு நாலு மணியோட முடியுதோ? இப்ப பதினொண்டரை... இல்ல, நாலு மணிக்கு ஏன் விடுவான். இப்பவே எழுதுங்கோ."

யோகலிங்கம் சொன்னதெல்லாம் அவளுடைய தலைக்குள் ஒரு சுற்று வந்தது. பழைய வருடங்கள், படகைப் பிடித்துக் கட்டிவைப்பது, ஆறு பேருக்கும் மாதாமாதம் கட்டுவது. பயமாகத்தான் இருந்தது. அவள் யன்னலால் பார்த்தாள். மனுசன் தூண்டிலையும் தொடாமல், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, தீர்ப்புக்கு இருக்கிறவரைப்போல இருந்தார். சட்டைக் கழுத்துக்குள்ளே கழுத்து எவ்வளவு மெலிந்துபோயிருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"...எழுதுங்கோ பிள்ளை. நான் அருள்மலர். அந்தப் போட்டுக்கு நான் முதலாளி. என்ர போட்டில ஆறு பேர் வேலை செய்யினம்... ஓம், நானாத்தான் சொல்லுறன். முதல் ஆள் ஜக்சன்... ஓம், அவன்தான். கள்ளன் எண்டதும் பதிஞ்சிருக்கோ?... ஐயோ, அத மட்டுமாவது ஒருக்கா... சரி விடுங்கோ, அவனுக்கிட்ட நான் சொல்லிக்கொள்ளுறன். ரெண்டாவது வினோதன். மூண்டாவது குணரத்தினம். நாலாவது றிப்தி. அஞ்சாவது இஹ்ஸான். ஆறாவது... ஆறாவதுதான் கடிதத்தில கிடக்கே, அத அப்பிடியே போடுங்கோவன்... எல்லாப் பேரும் நானே சொல்லோணுமோ?... இவர் இவர்தான், வேற ஆர்! லதுஷாட அப்பா!... அந்தப் பேரில ஒரு ஆளும் இல்லத்தான். தெரியும்..."

கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடம். அருள்மலர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவளுடைய தாய் தன் மனுசனின் பெயரைச் சொல்லாமலே கண்ணை மூடினவள். கிளினிக்கில் பெயர் கேட்டால் அருள்மலர் அடையாள அட்டையை நீட்டிவிடுவாள். அந்தோனியாரிடம் மன்றாடும்போதும் லதுஷாவின் அப்பாவுக்கு என்றுதான் மன்றாடுவாள். ஆரென்று அந்தோனியாருக்குத் தெரியும். போனில் அட்டையை நீட்ட முடியாது. இந்தப் பிள்ளை ஆதிலாவும் அந்தோனியார் இல்லை.

"...ஒரு நிமிசம் பிள்ளை... இல்ல, லைன் நல்லாத்தான் இருக்கு. நான்தான்... சொல்லுறன்."

அவள் யன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அப்படியும் வரவில்லை. மறுபடி யன்னலுக்கே திரும்பினாள்.

"சூசைப்பிள்ளை."

சத்தமாகத்தான் வந்துவிட்டது. இத்தனை வருடம் உள்ளே கிடந்தது மெதுவாக எப்படி வரும்? வேலியோரத்து மான் வெருண்டு ஓடியது. முற்றத்தில் மனுசன், கிளினிக்கில் பெயர் கூப்பிட்டால் எழும்புகிறவரைப்போல, கதிரையை விட்டு எழும்பி நின்றார். நின்றவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"...ஓம், சரியாப் போட்டீங்கள்... சூசைப்பிள்ளை. ஓம். என்ர போட்டில தண்டையல்... ரெண்டு மணிக்கு வந்து கையெழுத்து வைக்கிறன், கூட்டிக்கொண்டு வாறன்... என்ன?... இப்ப வேலைக்குப் போறாரோ எண்டு கொம்பியூட்டர் கேக்குதோ?"

அவள் யன்னலை விட்டு முற்றத்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினாள். போன் காதில் இருந்தது. கண் அவரில் இருந்தது.

"...லீவில நிக்கிறாரெண்டு போடுங்கோ பிள்ளை. லீவில நிக்கிறார். சுகமானவுடன திரும்ப ஏறுவார். ஜக்சனட்டயும் சொல்லுறன், அவர்ட இடம்... ஏனப்பா எழும்பினனீங்கள், இருங்கோ, உங்களை ஒருத்தரும் கூப்பி—"

வயர் கழன்றுவிட்டது.